கேட்டதும் சொன்னதும்: எல்லைக் காவலுக்கு யார் காசு கட்டுவது?

போன இதழின் மூலையில் ஒரு துணுக்குப் போட்டிருந்தேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் மெக்சிக்கோ எல்லையைக் காவல் காத்த செலவை மத்திய அரசாங்கத்திடம் திருப்பிக் கேட்டு வாங்கப் போகிறது என்பதும், "கேட்காமல் செய்த வேலைக்குக் கூலி கேட்பது நல்ல பழக்கம்தான்" என்று என்னுடைய ஒரு வரியும். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிறைத்துவிட்டன. மரக்கறித் தோட்டத்துப் பூச்சி பற்றிக் கேட்ட கந்தப்பளை வாசகர் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் தங்கச்சி மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். "எல்லை நாட்டுக்குச் சொந்தம், அதைக் காப்பது வோஷிங்டனின் வேலை. அவர்கள் செய்யாததால் எங்கள் மாநிலம் செய்தது. செலவைத் திருப்பித் தருவதுதானே முறை?" என்கிறான். எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. நீங்கள் ஏன் கிண்டல் செய்தீர்கள்?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: மருமகன் சொல்வதில் முதல் பாதிக்கு நானும் கை தூக்குகிறேன். எல்லைக் காவலுக்கு மத்திய அரசாங்கம்தான் காசு கட்ட வேண்டும். அங்கே நூறு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. 'போர்டர் பெட்ரோல்' என்ற எல்லைக் காவல் பிரிவு 1924இல் தொடங்கியது முதல் இன்றுவரை மத்திய அரசாங்கத்தின் சம்பளப் பட்டியலில்தான் இருக்கிறது.

தகராறு 2021 மார்ச்சில் வந்தது. டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபட், ஜனாதிபதி பைடன் எல்லையைத் திறந்துவிட்டார் என்று சொல்லி, 'ஒபரேஷன் லோன் ஸ்டார்' என்ற பெயரில் மாநிலப் பொலிசையும் தேசியக் காவற்படை என்ற பகுதிநேர இராணுவத்தையும் எல்லை ஆற்றங்கரைக்கு அனுப்பினார். முள்ளுக்கம்பி போட்டார். 2023இல் ரியோ கிராண்டே ஆற்றில் பெரிய மிதவைகளைச் சங்கிலியாகக் கட்டினார். மாநிலப் பணத்தில் மதிலும் எழுப்பினார். வந்தவர்களை பஸ்ஸில் ஏற்றி நியூயோர்க்குக்கும் வோஷிங்டனுக்கும் அனுப்பினார். 2025 ஜனவரியில் அவர் நாடாளுமன்றத்திடம் நீட்டிய பில் 11.1 பில்லியன் டொலர். நமக்குப் புரிகிற அளவில் சொன்னால், 2023இல் சர்வதேச நாணய நிதியம் இலங்கை முழுவதையும் தூக்கிவிட நான்கு வருடத்தில் தருவதாக ஒத்துக்கொண்டது சுமார் 3 பில்லியன்.

நான் தோட்டத்து ஒபீசில் செக்ரோல் என்ற கூலிப் பதிவேடு எழுதியே தலை நரைத்தவன். மாதக் கடைசியில் ஒரு கணக்கப்பிள்ளை வந்து "அந்த வடிகாணை நான் ஆள் விட்டு வெட்டினேன், கூலிக்குப் பேர் போடுங்கள்" என்றால் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஆள் விடச் சொன்னது யார்? வேலை தேவையான வேலையாக இருக்கலாம், நல்ல வேலையாகக்கூட இருக்கலாம். ஆனால் துரை சொல்லாத வேலைக்குத் துரையின் கணக்கில் பேர் விழாது.

அமெரிக்கச் சட்டமும் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் கேட்கிறது. அவர்களுடைய தேசியக் காவற்படையை மூன்று விதமாக வேலைக்கு இறக்கலாம். ஆளுநர் தன் சொந்த அதிகாரத்தில் இறக்கினால் கட்டளையும் அவருடையது, சம்பளமும் மாநிலத்துடையது. 'டைட்டில் 32' என்ற பிரிவில் இறக்கினால் ஆளுநர் கட்டளை இடுவார், மத்திய அரசாங்கம் சம்பளம் கொடுக்கும். 'டைட்டில் 10' என்றால் கட்டளை, காசு இரண்டும் மத்திய அரசாங்கத்துக்கு. அபட் எடுத்தது முதல் வழியை. தெரிந்துதான் எடுத்தார். காரணம், வோஷிங்டனின் சொல்லைக் கேட்காமல் நடக்க அந்த வழியில்தான் முடியும். 2024 ஜனவரியில் ஈகிள் பாஸ் நகரின் ஆற்றங்கரைப் பூங்காவை மாநிலப் படை பிடித்துக்கொண்டு, மத்திய அரசாங்கத்தின் எல்லைக் காவலரையே உள்ளே விடாமல் நிறுத்தியது. மாநிலத்தின் முள்ளுக்கம்பியை மத்திய காவலர் வெட்டலாமா கூடாதா என்று அந்த மாதமே உயர் நீதிமன்றம்வரை போய், 5க்கு 4 என்ற கணக்கில் அப்போதைக்கு வெட்டலாம் என்று வந்தது. வாசலில் மறித்து நின்றவர் பிறகு அதே ஆளிடம் காவல் கூலி கேட்டார். என் கிண்டல் அதற்குத்தான்.

இன்னொரு விஷயம் மருமகனிடம் கேளுங்கள். டெக்சாசில் மாநில வருமான வரி கிடையாது. மாநிலத்தின் பெரிய வருவாய் விற்பனை வரி, 6.25 வீதம். ஆகவே அந்த 11 பில்லியனில் பெரும் பங்கு சவர்க்காரம் வாங்கியவர், சப்பாத்து வாங்கியவர் கொடுத்தது. ஆற்றைக் கடந்து களவாக வந்தவர் சப்பாத்து வாங்கினாலும் அந்த வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும். தன்னை மறிக்கும் கம்பிக்கு அவரும் சில சதம் போட்டிருக்கிறார். மத்திய அரசாங்கத்தின் பணம் பெரும்பாலும் வருமான வரி, அதில் கூட உழைப்பவன் கூட வீதத்தில் கட்டுகிறான். மத்தி கட்டுவதுதான் நல்லது என்று நான் நினைப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

நன்கொடைக் கதையையும் சொல்லாமல் விட மனமில்லை. 2021 ஜூனில் தென் டகோட்டா மாநில ஆளுநர் கிறிஸ்டி நோம் தன் காவற்படையில் கொஞ்சம் பேரை டெக்சாசுக்கு அனுப்பப் போவதாக அறிவித்தார். செலவுக்கு ஒரு மில்லியன் டொலர் கொடுத்தது டெனசி மாநிலத்துக் கோடீஸ்வரர் ஒருவரின் அறக்கட்டளை. தனியார் பணத்தில் இராணுவச் சீருடை! அபட்டும் மதில் கட்ட மக்களிடம் நன்கொடை கேட்டார். சேர்ந்தது சுமார் 55 மில்லியன், அதில் 53 மில்லியன் ஒரே செல்வந்தர் கொடுத்தது. எல்லையை யார் காசில் காப்பது என்ற கேள்விக்கு "பணக்காரன் காசில்" என்ற விடை வந்தால் அடுத்த கேள்வி, யாருடைய வாசல் முதலில் காக்கப்படும் என்பதுதான்.

கடைசியில் 2025 ஜூலை 4ஆம் திகதி ஜனாதிபதி ட்ரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரவு செலவுச் சட்டத்தில், மாநிலங்களின் இப்படியான செலவுகளுக்காக 10 பில்லியன் ஒரு நிதியிலும் 3.5 பில்லியன் இன்னொன்றிலும் ஒதுக்கினார்கள். 10 பில்லியன் நிதி உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில். அப்போது அந்தத் திணைக்களத்தின் செயலாளர் அதே கிறிஸ்டி நோம்.

கேள்வி: படையெடுப்பிலிருந்து ஒவ்வொரு மாநிலத்தையும் மத்திய அரசாங்கம் காக்க வேண்டும் என்று அமெரிக்க யாப்பில் எழுதியிருக்கிறதாமே. அப்படியானால் டெக்சாஸ் வழக்குப் போட்டே பணத்தை வாங்கியிருக்கலாமே?
– ஆசிரியை, மஸ்கெலியா

பதில்: எழுதியிருக்கிறது, டீச்சர். நாலாம் உறுப்புரை, நாலாம் பிரிவு. வழக்கும் போட்டுப் பார்த்தாயிற்று, அதுவும் முப்பது வருடத்துக்கு முன்பே. 1994 வாக்கில் கலிபோர்னியா, புளோரிடா, டெக்சாஸ், அரிசோனா, நியூயோர்க், நியூ ஜேர்சி ஆகிய ஆறு மாநிலங்கள், களவாக வந்தவர்களின் சிறை, பள்ளி, ஆஸ்பத்திரிச் செலவை மத்திய அரசாங்கம் தர வேண்டும் என்று தனித்தனியே நீதிமன்றம் போயின. எல்லாமே தள்ளுபடி. படையெடுப்பு என்றால் இன்னொரு அரசு ஆயுதத்தோடு வருவது, வேலை தேடி வருவது அதற்குள் அடங்காது என்றார்கள். எவ்வளவு செலவழிப்பது என்பது அரசியல் கேள்வி, நாடாளுமன்றத்தில் போய்க் கேளுங்கள் என்றும் அனுப்பிவிட்டார்கள்.

இதைக் கட்சிச் சண்டையாக மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒன்று: அப்போது வோஷிங்டனில் இருந்தவர் கிளின்டன். வழக்குப் போட்ட புளோரிடா, டெக்சாஸ் ஆளுநர்கள் அவருடைய சொந்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள்.

அந்த வழக்குகளில் தோற்றாலும் மாநிலங்கள் வெறுங்கையோடு போகவில்லை. களவாக வந்து குற்றம் செய்து மாநிலச் சிறையில் இருப்பவர்களின் செலவில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் 1994 குற்றத் தடுப்புச் சட்டத்திலேயே வந்தது, இன்னும் இருக்கிறது. கொடுப்பது செலவில் சிறு பங்குதான், அது வேறு கதை.

இந்த இடத்தில் நான் மாநிலங்களின் பக்கம். டெக்சாசின் புரூக்ஸ் கவுண்டி எல்லையிலிருந்து நூறு கிலோமீற்றருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. மொத்தச் சனம் ஏழாயிரம் பேர் அளவில். நெடுஞ்சாலையில் மத்திய அரசாங்கத்தின் சோதனைச் சாவடி இருப்பதால், அதைச் சுற்றிப் போக நினைப்பவர்கள் மேய்ச்சல் காட்டுக்குள் நடக்கிறார்கள், வெயிலில் தண்ணீர் இல்லாமல் விழுகிறார்கள். உடலைத் தேடி எடுப்பது, பரிசோதனை செய்வது, பெயர் தெரியாதவரைப் புதைப்பது எல்லாம் அந்தச் சின்ன ஊரின் கணக்கில். சாவடியை அங்கே வைக்கச் சொன்னது அந்த ஊர் இல்லையே. ஆளுநரின் மிதவைக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இந்தப் புதைகுழிக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: ட்ரம்ப் சொன்ன மாதிரி மெக்சிக்கோ மதிலுக்குப் பணம் கொடுத்ததா?
– வாசகர், இராகலை

பதில்: இல்லை. 2019இல் அவசரநிலை அறிவித்து இராணுவக் கட்டுமானப் பணத்திலிருந்து 3.6 பில்லியன் டொலரைத் திருப்பிவிட்டார்கள். படைமுகாமில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்ட வைத்திருந்த காசும் அதில் போனது.

கேள்வி: இந்தியாவில் பஞ்சாப், குஜராத், தமிழ்நாடு எல்லாம் எல்லை மாநிலங்கள்தானே. அங்கே யார் கட்டுகிறார்கள்?
– கடைக்காரர், பண்டாரவளை

பதில்: மத்திய அரசாங்கம்தான். ஆனால் ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1965வரை பாகிஸ்தான் எல்லையில் நின்றது அந்தந்த மாநிலங்களின் ஆயுதப் பொலிஸ். அந்த வருடம் ஏப்ரலில் கட்ச் பாலைவனத்தில் பாகிஸ்தான் படை சர்தார் சாவடியைத் தாக்கியபோது, ஒவ்வொரு மாநிலமும் தன் வசதிக்கு வைத்திருந்த பொலிசால் இது தாங்காது என்று புரிந்தது. 1965 டிசம்பர் 1ஆம் திகதி எல்லைப் பாதுகாப்புப் படை பிறந்தது. கட்டளையும் காசும் டில்லியில்.

அதனால் சண்டை ஓய்ந்ததா என்றால், இல்லை. 2021இல் அந்தப் படை சோதனை போடக்கூடிய தூரத்தைப் பஞ்சாப், மேற்கு வங்கம், அசாம் மாநிலங்களில் 15 கிலோமீற்றரிலிருந்து 50ஆக டில்லி நீட்டியது. பஞ்சாபும் மேற்கு வங்கமும் கொதித்தன. காசைப் பற்றி ஒரு சொல் இல்லை, முழுக்க அதிகாரம் பற்றிய சண்டை. காசு கட்டுபவர் உள்ளே வரத்தான் பார்ப்பார். டெக்சாஸ்காரரும் இதை யோசித்து வைப்பது நல்லது.

தமிழ்நாட்டுக் கரையில் கலப்பு ஏற்பாடு. 2005இல் தொடங்கிய கரையோரப் பாதுகாப்புத் திட்டத்தில் படகும் பொலிஸ் நிலையக் கட்டிடமும் டில்லி தந்தது, பொலிஸ்காரருக்குச் சம்பளம் மாநிலம் கொடுக்கிறது.

கேள்வி: என் தாத்தா மண்டபம் முகாம் வழியாகக் கழுத்தில் தகரத் துண்டோடு வந்ததாக அம்மா சொல்வார். அந்தக் காலத்தில் எல்லை தாண்டும் செலவை யார் கொடுத்தது?
– ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, புசல்லாவை

பதில்: அம்மா, இன்று வந்த கடிதங்களில் எனக்குப் பிடித்தது உங்களுடையது. விடையைச் சொன்னால் கோபம் வரும்: உங்கள் தாத்தாவின் காலத்தைப் பொறுத்து, அநேகமாக அவரே கொடுத்திருப்பார்.

கங்காணி ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். வண்டி, கப்பல், சாப்பாடு எல்லாம் அந்த ஆளின் பேரில் கடன். தோட்டம் மாறும்போது அந்தக் கடன் ஒரு துண்டில் எழுதப்பட்டுக் கூடவே போகும், புதிய தோட்டம் அதை அடைத்து ஆளை எடுக்கும். உங்கள் தாத்தா கழுத்தில் கட்டிய தகர டிக்கெட் என்பது பிறகு வந்த ஏற்பாடு. அதில் தோட்டத்தின் இலக்கம் இருக்கும். வழிச் செலவை அரசாங்கம் முதலில் போட்டு, அந்த இலக்கத்தைப் பார்த்துத் தோட்டத்துக்குப் பில் அனுப்பும். தோட்டம் கங்காணி கணக்கில் போடும், கங்காணி ஆளின் கணக்கில் போடுவார். மண்டபம் முகாம் இந்திய மண்ணில் இருந்தாலும் நடத்தியது இலங்கை அரசாங்கம். காய்ச்சல், வாந்திபேதி இருக்கிறதா என்று அங்கேயே நிறுத்திப் பார்த்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. அதற்கு வெகு முன் வந்தவர்களில் பலர் மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியாக நடந்து வந்தவர்கள்.

கடனைத் துண்டில் எழுதும் அந்த முறையை 1921இல் ஒழித்தார்கள். 1923இல் வந்த இந்தியக் குடிவரவுத் தொழிலாளர் சட்டம் ஒரு நிதியை உண்டாக்கி, தோட்டங்களிடம் கட்டணம் அறவிட்டு, ஆட்களைக் கொண்டுவரும் செலவை அதிலிருந்து கொடுக்கச் சொன்னது. ஆள் தேவைப்பட்டவன் காசு கட்டட்டும் என்று அப்போதுதான் எழுத்தில் வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. 1948 குடியுரிமைச் சட்டத்தில் நம் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். 1952இல் 'மொண்டி' என்ற பெயரில் இராணுவத்தை வடக்குக் கரைக்கு அனுப்பி, இந்தியாவிலிருந்து தோணியில் வருகிறவர்களைப் பிடிக்க வைத்தார்கள். 1963இல் அதையே பெரிதாக்கித் தனிப் படையணியாக 1981வரை நடத்தினார்கள். கரையில் தேடுதல், ஏச்சு மட்டும் மலை உச்சியில் கொழுந்து எடுத்தவருக்கு. அந்த நாளில் திறைசேரியின் பெரிய வருமானங்களில் ஒன்று தேயிலை ஏற்றுமதித் தீர்வை. வாக்குரிமை இல்லாதவர் பறித்த கொழுந்தின் தீர்வையில் அவரைச் சந்தேகப்பட்ட படைக்கும் சம்பளம் போனது. டெக்சாஸ் விற்பனை வரியைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

கேள்வி: மத்திய மாகாணத்துக்குக் கடலே இல்லை. கடற்படைச் செலவில் நமக்கு ஏன் பங்கு? அத்தோடு, எங்கள் தோட்டத்து றோட்டைப் போடச் சொன்னால் பிரதேச சபை தோட்டத்தைக் காட்டுகிறது, தோட்டம் பிரதேச சபையைக் காட்டுகிறது. டெக்சாஸ் பிரச்சினை எங்களிடமும் இருக்கிறது ஐயா.
– இளைஞர் கழக உறுப்பினர், தலவாக்கலை

பதில்: முதல் கேள்வி சுலபம், தம்பி. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் பாதுகாப்பையும் குடிவரவு குடியகல்வையும் மத்திய அரசாங்கத்தின் ஒதுக்கப்பட்ட நிரலில் வைத்துவிட்டது. மாகாண சபை நினைத்தாலும் ஒரு படகு வாங்கிக் கரையில் விட முடியாது. ஒன்பது மாகாணங்களில் மத்திய, ஊவா, சப்ரகமுவ, வடமத்திய என்று நாலுக்குக் கடல் கிடையாது. கரை உள்ள மாகாணமே கட்டட்டும் என்றால், போர் தின்ற வடமாகாணம் நாட்டுக்கே காவல் கூலி கொடுக்க வேண்டி வரும். நீ ஒவ்வொரு தடவையும் போனுக்கு ரீலோட் போடும்போது கட்டும் 18 வீத வற் வரியில் கடற்படைக்கும் போகிறது. போகட்டும், மன்னார்க்காரன் தனியாகச் சுமக்கக் கூடாது.

றோட்டு விஷயத்தில் நீ சொல்வது சரி, ஆனால் காரணத்தைத் தெரிந்து வைத்துக்கொள். 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை தன் நிதியைத் தோட்டங்களுக்குள் செலவழிக்கத் தடையாக இருந்தது. தோட்டத்தார் வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், தார் மட்டும் லயத்து வாசலுக்கு வராது. 2018இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஆகவே இப்போது "எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று எந்தச் சபையாவது சொன்னால் அது பழைய பாட்டு. அவர்கள் சொல்லக்கூடியது "எங்களிடம் காசு இல்லை" என்பது மட்டும்தான். அதை எழுத்தில் தரச் சொல். வாயால் சொன்னால் வாங்கிக்கொண்டு வராதே. எழுத்தில் தந்தால் அதன் பிரதியை எனக்கும் அனுப்பு.

கேள்வி: நான் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் செய்கிறேன். கூட்டாட்சி பற்றிய கேள்விக்கு டெக்சாஸ் உதாரணத்தை எழுதலாமா?
– மாணவி, அப்புத்தளை

பதில்: தாராளமாக எழுது மகள். ஆனால் 11 பில்லியனை மட்டும் எழுதிவிட்டு நிற்காதே. 2012இல் அரிசோனா வழக்கில், குடிவரவுச் சட்டத்தை நடத்துவது மத்திய அரசாங்கத்தின் வேலை என்று சொல்லி அந்த மாநிலத்தின் சொந்தச் சட்டத்தில் வழக்குக்கு வந்த நாலு பிரிவுகளில் மூன்றை உயர் நீதிமன்றம் தள்ளியது. அதைச் சேர்த்தால் அதிகாரம், நிதி இரண்டையும் தொட்டமாதிரி இருக்கும். இலங்கையோடு ஒப்பிடச் சொன்னால் இது ஒற்றையாட்சி என்று முதல் வரியிலேயே போட்டுவிடு, பிறகு 13ஆவது திருத்தத்துக்குப் போ. ஆளுநர் என்ற சொல்லில் கவனம்: அபட் மக்கள் வாக்கில் வந்தவர், இங்கே மாகாண ஆளுநரை நியமிப்பது ஜனாதிபதி. இரண்டையும் ஒன்றாக எழுதினால் திருத்துகிற ஆசிரியர் அந்த இடத்திலேயே சிவப்புப் பேனாவை எடுப்பார்.